லைசென்ஸ் உள்ள ஆள்

கர்க்லாண்டில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், கேக் வெட்டி முடிவதற்குள் நகுலேஸ் துப்பாக்கிச் சட்டத்தைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

"சிவப்புக் கொடிச் சட்டமாம்! 'எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டு ஆரும் கோர்ட்டிலை போய்ச் சொன்னால் காணும், பொலிஸ் வந்து துவக்கைப் பறிச்சுக்கொண்டு போயிடும். லைசென்ஸ் உள்ளவன் எவ்வளவு கட்டுப்பாடான ஆள்! இதென்ன நாடு?"

மனைவி வதனி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். சட்டத்தரணி சாம்பவியும் இந்தப் பிரசங்கத்தை இருபது தடவையாவது கேட்டிருப்பாள்.

அதனால், திங்கட்கிழமை லவாலில் உள்ள தன் அலுவலகத்துக்கு அவர் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றபோது, மனிதர் துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"பொலிசுக்கு எதிரா வழக்குப் போடவேணுமோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. அந்தச் சிவப்புக் கொடிச் சட்டத்திலை நான் விண்ணப்பிக்க ஏலுமோ?"

"ஆருக்கு எதிரா?"

"வதனிக்கு. அவவுக்கு லைசென்ஸ் வந்திட்டுது. சனிக்கிழமை வேட்டைத் துவக்கும் வாங்கிப்போட்டா."

"அதுக்குப் புருசன்ரை கையெழுத்துக் கேட்டிருப்பினமே?"

"போட்டனான். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடப் பேப்பர் எண்டு நினைச்சன். அவ நீட்டுறதை நான் எப்ப வாசிச்சுப் பாத்தனான்?"

சாம்பவி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். "லைசென்ஸ் உள்ளவை கட்டுப்பாடான ஆக்கள் எண்டு நீங்கள்தானே... சரி விடுங்கோ. ஆபத்து எண்டதுக்கு ஆதாரம் வேணும். அக்கா அடிச்சாவோ? வெருட்டினாவோ?"

"சீச்சீ!" நகுலேஸ் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திரண்டு வருசத்திலை முதல் தரமா, நான் கதைக்கேக்கை சிரிக்கிறா."