வரிசையின் முதல் செடி

எட்டு வரிசையிலும் முதல் செடிதான் கருகியிருந்தது.

தண்டில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு. தக்காளிக் காய்களில் சூடு வைத்ததுபோல் தழும்பு. அடுத்தடுத்த செடிகளும் தலை தொங்கத் தொடங்கியிருந்தன.

ஆய்வகத்திலிருந்து வந்த மேடம் ஓர் இலையைக் கசக்கிச் சாறெடுத்து, அதில் பரிசோதனை அட்டையை நிறுத்தினார். ஒரு கோடு விழுந்தால் தப்பித்தோம். இரண்டு விழுந்தால் நோய்.

அந்தப் பசுமைக்குடிலில் ஆயிரத்து இருநூறு செடிகள். நோய்க்கு அசராத ரகம் வேண்டுமென்று முதலாளி எட்டு வருடம் மெனக்கெட்டு உருவாக்கியவை. இரண்டாவது கோடு விழுந்தால் பாதிக்கு மேல் குழிக்குள் போகும். யார் கைவழியாக நோய் வந்ததோ, அவருக்கு நாளை முதல் வேலை கிடையாது.

எல்லோரும் என் கொழுந்தனைப் பார்த்தார்கள்.

எங்களில் சிகரெட் குடிப்பவன் அவன் ஒருவன்தான். புகையிலையிலிருந்து கைவழியாகத் தக்காளிக்கு ஒரு வைரஸ் வரும். அதைத் தடுக்கத்தான் வாசலில் ஒரு கிண்ணம் பால்; பால் பட்டால் அந்த வைரஸ் முடங்கிவிடும். அதில் கையை முக்காமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். மேற்பார்வையாளர்.

அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அதனாலேயே தினமும் அவன் கையை முகர்ந்து பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி திட்டுவேன். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது, பாருங்கள்.

முதல் அட்டையில் இரண்டு கோடு.

கொழுந்தன் தானாகவே மேலங்கியின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

"இருப்பா," என்றார் மேடம். "இது மட்டும் இருந்தா இந்த ரகம் தாங்கிக்கும். உருளைக்கிழங்குச் செடியில இருக்கிற இன்னொரு வைரஸும் கூட சேர்ந்தாதான் இப்படிக் கருகும். ரெண்டும் கைகோத்துட்டா எந்த எதிர்ப்பும் நிக்காது."

நான் கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இரண்டாவது அட்டையை நிறுத்தினார். முதல் கோடு உடனே வந்துவிட்டது. அடுத்தது வரக் கூடாது, வரக் கூடாது என்று மனதுக்குள் கெஞ்சினேன். இரண்டாவது கோடு முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. பிறகு நன்றாகச் சிவந்துவிட்டது.

உருளைக்கிழங்குச் செடியைத் தொட்டுவிட்டு வந்தது யார் என்று முதலாளி கேட்டார். நானும் மற்றவர்களைப்போலவே சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மிச்சச் செடிகளையாவது காப்பாற்ற வேண்டும், எல்லோரும் மறுபடி கையை முக்குங்கள் என்றார் முதலாளி. நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக வந்து முக்கிவிட்டுப் போனார்கள்.

கொழுந்தன் கடைசியாக வந்தான். முக்கினான். ஆனால் நகரவில்லை.

அவன் சிகரெட் குடிப்பது எங்கள் வீட்டுப் பால்கனியில். அங்கேதான் என் மகள் முளைவிட்ட உருளைக்கிழங்கை ஓட்டை வாளியில் ஊன்றி வைத்திருக்கிறாள். அவன் சாம்பலைத் தட்டுவதும் அந்த வாளியில்தான். ஒரு மாதமாக, காலையில் அதன் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு ஓடிவருகிறேன். வந்ததும் பக்கக் கிளையை எப்படிக் கிள்ளுவது என்று ஆட்களுக்குக் காட்டுவது என் வேலை. ஒவ்வொரு வரிசையிலும், முதல் செடியில்.

அவன் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினான். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"கிண்ணத்த நான் பிடிச்சுக்கிறேன், அண்ணி. நீங்க கைய முக்குங்க."

நான் கிண்ணம் பிடிக்கும் இந்த இரண்டு வருடத்தில், கையை முக்கும்படி என்னிடம் யாருமே சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

முதலாளி திரும்பி என் கைகளைப் பார்த்தார்.