அறுபத்தேழாவது பெயர்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வேளாண்மை அலுவலகத்தின் வெளிச்சுவரில் மானியம் பெறுவோர் பட்டியல் ஒட்டப்பட்டது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். பெயர், வயல் எண், தொகை என்று மூன்றே கட்டங்கள்.

பதினொரு மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டியலைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்க்க வந்தவர் என்று முடிவுகட்டினாள் மனுக்காரம்மா.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் பயிர் வைக்கும் குத்தகை நிலத்துக்கு வரும் மானியத்தை, மண்வெட்டி பிடித்தறியாத நிலக்காரர் ஆறு வருடமாக நகரத்தில் இருந்தபடியே வாங்கிக்கொண்டிருந்தார். குத்தகையோ வெறும் வாய்ப்பேச்சு. குத்தகை வசூலிக்க வரும் ஏஜென்டைத் தவிர நிலக்காரர் பக்கத்து ஆள் யாரையும் அவள் பார்த்ததில்லை. உழுகிறவருக்குக் கொடுங்கள், யார் வாங்குகிறார்கள் என்று ஊரறிய ஒட்டுங்கள் எனப் பதினேழு மனு கொடுத்திருந்தாள். இன்றைக்கு இரண்டும் நடந்துவிட்டன.

"இனிமே நீங்க வரலேன்னா எங்களுக்குப் பொழுதே போகாதும்மா" என்றார், பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்த பியூன். ஒட்டியதை இரண்டு மாதத்துக்கு யாரும் கிழிக்கவோ திருத்தவோ முடியாது என்றும் சொன்னார். அவளுக்கு அதுவும் இனித்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் கேட்காமலேயே, அவள் அறுபத்தேழாவது பெயரில் விரலை வைத்தாள். "சார், இது நான்தான்."

"வாய்க்காலை ஒட்டின ரெண்டேகால் ஏக்கரா?"

பட்டியலில் ஏக்கர் கணக்கே இல்லை. "எல்லாத்தையும் விரல் நுனியில வச்சிருக்கீங்களே சார்" என்று பூரித்துப்போனாள்.

"நீங்களேதான் பயிர் வைக்கிறீங்களா?"

"பன்னெண்டு வருஷமா. நானும் என் மகளும்தான். வேற யாரு வெயில்ல வந்து நிப்பா?"

அவர் குறித்துக்கொண்டார். தொகைக் கட்டத்தின் பக்கம் அவர் கண் போகவே இல்லை. அதே நிலக்காரரின் மற்ற வயல்களில் யார் யார் பெயருக்கு மாறியிருக்கிறது என்று விசாரித்தார். பக்கத்து வயல் அண்ணன், பம்புசெட் மெக்கானிக், அக்கா தங்கை இருவர் என நாலு பேரையும் அவளே தேடிக் காட்டினாள். வீடு எங்கே என்றும் சொன்னாள்.

அவர் நோட்டை மூடினார். "இதை ஒட்டலேன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா."

"அதுக்குத்தான் சார் இவ்வளவு நாள் நடந்தேன். மேலிடத்துல ஒரு வார்த்தை நல்லபடியா எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பட்டியலில் பெயர் ஏறினால் குத்தகைக்காரர்கள் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பார்கள் என்று நிலக்காரர் பயப்படுவதாகத் தணிந்த குரலில் சொன்னார்.

"நான் அவரோட வக்கீல் குமாஸ்தாம்மா. இந்த அறுப்போட நீங்க அஞ்சு பேரும் நிலத்தை விட்டுடணுமாம்."