வளைய வெளிச்சம்

மழை விட்ட காலை வெயில் பாரிவாக்கத்து அடுக்குமாடி பால்கனியில், கறிவேப்பிலைத் தொட்டியின் மேல் விழுகிறது. இலையில் அரிசி அளவு சிலந்தி ஒன்று உட்கார்ந்து ரேவதியையே பார்க்கிறது. கேமராவின் சின்ன லென்ஸ் முகப்பில் வளைய ஃபிளாஷைப் பூட்டி அவள் நெருங்க நெருங்க, அது இலைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. விலகினால் எட்டிப் பார்க்கிறது. தள்ளி நின்றே எடுக்கலாம் என்று நீள லென்ஸை மாட்டுகிறாள். அதன் வாய் பெரிது, வளையம் பொருந்தவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜமீலா சாம்பாருக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்து, அதே கொத்தில் கை வைக்கப் போகிறாள். “ஐயோ, பறிக்காத! அதுல ஆள் இருக்கு.” “இன்னாக்கா, பூச்சிதானே கீது!” “இந்த வளையத்த லென்ஸ் முன்னாடி புடி. ஆடாத.” ஜமீலா மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடிக்கிறாள். அவள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. மூவரும் அசையவில்லை. ஃபிளாஷ் பளிச்சிடுகிறது, அடுத்த கணம் வெறும் இலை ஆடிக்கொண்டிருக்கிறது.

கேமராத் திரையில் இரண்டு பெரிய கருங்கண்கள். ஒவ்வொன்றிலும் ஃபிளாஷின் மெல்லிய வெள்ளை வளையம், இரண்டுமே ஒரே இடத்தில் அறுந்திருக்கின்றன. ரேவதி உதட்டைப் பிதுக்குகிறாள். “உன் கட்டைவிரல் மறைச்சிடுச்சு ஜமீலா.” ஜமீலா திரையில் அந்த இடைவெளியைப் பார்க்கிறாள், தன் விரலைப் பார்க்கிறாள், மறுபடி திரையைப் பார்க்கிறாள். குக்கர் அடுத்த விசிலை அடிக்கிறது. “அழிச்சிடாதக்கா,” என்கிறாள். “அது கண்ணுல நான் கீறேன்!”