பூசாத விரல்

ஒன்பது நகங்கள் சிவந்தாயிற்று. மடக்கியே வைத்திருந்த கட்டைவிரலை ஜுரேமா கடைசியில்தான் நீட்டுகிறாள். நகம் திருத்தும் நெய்டி, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் பழைய நகச்சாயத்தைத் துடைக்கிறாள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்து வெயில் சன்னல் வழியே நேராக அந்த நகத்தின்மேல் விழுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாயம் பூசி மறைத்துவந்த கருங்கோடு, இன்று நகத்தைத் தாண்டி, மை கசிந்ததுபோல் தோலிலும் இறங்கியிருக்கிறது. பஞ்சு அப்படியே நின்றுவிடுகிறது. “கதவுல நசுங்குனதுடி. பூசிவிடு, நாளைக்குத் தங்கச்சி மக கல்யாணம்.” சொல்லும்போதே தன் குரலை ஜுரேமாவாலேயே நம்ப முடியவில்லை. “எந்தக் கதவுக்கா அது, ஆறு மாசமா நசுக்கிக்கிட்டே இருக்கு? தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாக்கா, அப்புறம்தான் பூசுவேன்.” நெய்டி சாயப் புட்டியைத் திருகி மூடுகிறாள். மேலே மின்விசிறி கரகரக்கிறது. ஜுரேமா பழக்கத்தில் ஒவ்வொரு விரலாக ஊதி உலர்த்துகிறாள். கட்டைவிரலுக்கு வந்தும் ஊதுகிறாள். அங்கே உலர ஒன்றுமில்லை.