பிடித்த முட்டை எது?

வேப்பமரத்துக் காக்கைக்குத் தன் கூட்டிலிருந்த முட்டைகளில் ஒன்றின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அது மட்டும் கொஞ்சம் சின்னது. புள்ளியும் வேறு மாதிரி. வெளிப்படையாகக் கேட்டால் மானம் போய்விடும். அதனால் பக்கத்துக் கிளைக்காரியிடம் விளையாட்டுப் போலக் கேட்டது.

"உன் முட்டைகளில் உனக்கு ரொம்பப் பிடிச்சது எது? பதில் சொல்லிட்டு நீயும் மூணு பேரைக் கேட்கணும். அதுதான் ஆட்டம்."

மத்தியானத்துக்குள் கேள்வி கம்பிக்குக் கம்பி தாவி, குளத்தங்கரை, பஸ் ஸ்டாண்டு, கோழிக்கடைக் கூரை எங்கும் பரவிவிட்டது. யார் தொடங்கியது என்றே யாருக்கும் தெரியவில்லை.

"சின்னதா ஒண்ணு இருக்கு, அதுதான் என் செல்லம்," என்றது ஒரு காக்கை.

"எனக்கும் அந்தச் சின்னதுதான்டீ!" என்றது இன்னொன்று.

எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று வேப்பமரத்துக் காக்கைக்கு மனசு லேசானது.

சாயங்காலம் ஆட்டம் மாமரத்துக் குயிலிடம் போய்ச் சேர்ந்தது.

"எனக்கு எல்லாமே பிடிக்கும்க்கா," என்றது குயில். "ஒவ்வொண்ணையும் நல்ல வீடாப் பார்த்துத்தான் விட்டிருக்கேன்."

காக்கைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. வேப்பமரத்துக் காக்கை சிரிக்கவில்லை. கூட்டுக்குத் திரும்பி, அந்தச் சின்ன முட்டையை மூக்கால் விளிம்புவரை உருட்டியது. உள்ளேயிருந்து யாரோ லேசாகத் தட்டினார்கள்.

காக்கை அப்படியே நின்றது. பிறகு முட்டையை நடுவுக்குத் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டது.

அப்போது எங்கிருந்தோ பறந்து வந்த ஓர் இளங்காக்கை, "அக்கா, புதுசா ஒரு ஆட்டம் வந்திருக்கு. உங்களுக்குப் பிடிச்ச முட்டை எது?" என்றது.

"சின்னதுதான்," என்றது காக்கை.