முதலாளியே உங்களோடு வருகிறார்

வந்தவர் வாயையே திறக்கவில்லை. மூக்கு வரை மாஸ்க், கழுத்தில் மஃப்ளர், கையில் போன். தலைமை அலுவலகத்து ஆள்தான் என்று சர்வீஸ் சென்டரில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

முந்தின நாளே மேனேஜர் எச்சரித்திருந்தார். "கஸ்டமர் மாதிரி ஒருத்தன் வேவு பாக்க வருவான். அதிகமாப் பேசமாட்டான், கேள்வி மட்டும் கேப்பான். வண்டியில குரலை எடுக்கிறது யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே அவங்க சீட்டு கிழிஞ்சிடும்."

யாரென்று மேனேஜருக்கும் தெரியும். மெக்கானிக்குகளில் ஒரே பெண் அவள்தான். 'ஷாக்கு' என்று கூப்பிடுவார்கள். கரன்ட்டில் கை வைத்து அவள் வாங்கிய ஷாக் குறைவு. வாயைத் திறந்து மற்றவர்களுக்குக் கொடுத்தது அதிகம்.

எல்லாம் அந்தக் குரலால் வந்த வினை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே, "வணக்கம். நான்தான் முதலாளி பேசுகிறேன். சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்து, போகிற வழியெல்லாம் திரும்பு, நில் என்று சொல்லிக்கொண்டே வரும். 'முதலாளியே உங்களோடு வருகிறார்' என்று விளம்பரம் செய்துதான் அந்த எலெக்ட்ரிக் காரை விற்றார்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் குஷி.

அப்புறம் முதலாளி அரசியல் மேடை ஏறினார். "பிளைக்க வந்தவங்க எல்லாம் பெட்டியைக் கட்டுங்க!" என்று முழங்கினார். அவர் வாயில் 'ழ' நுழையாது. ஆனால் சொன்னது எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது.

மறுவாரமே ஷோரூம் கண்ணாடியில் முட்டை வழிந்தது. வண்டி வைத்திருந்தவர்கள் முன்னாலிருந்த கம்பெனிச் சின்னத்தைச் சுரண்டி எடுத்தார்கள். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பார்த்து, "நீ யாருடா எனக்கு வழி சொல்ல?" என்று கத்திக்கொண்டே வந்து சேர்ந்தார்.

குரலை அணைக்கக் கம்பெனி ஒரு வழியும் வைக்கவில்லை. ஷாக்கு வைத்தாள். லேப்டாப்பைச் சொருகி, குரல் இருந்த இடத்தில் மணிச்சத்தத்தைப் போட்டுவிடுவாள். திரும்ப வேண்டிய இடம் வந்தால் 'டிங்'. அவ்வளவுதான். அவளும் பிழைக்க வந்த வீட்டுப் பெண்தான். அந்த வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மாஸ்க்காரர் அங்கே நின்ற ஒரு வண்டியைக் காட்டி, போனில் எதையோ தட்டி அவள் முன் நீட்டினார். 'இந்த வண்டியில் குரலை எடுக்க முடியுமா?'

டயர் மாற்றிக்கொண்டிருந்த நெட்டையன் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, முடியாதுன்னு சொல்லிடு. தொண்டை கட்டின மாதிரி என்னமா நடிக்கிறான் பாரு!"

அவள் காதில் வாங்காமல் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தாள். "வணக்கம். போக வேண்டிய வழியைத் தேர்ந்தெடுங்கள்" என்றது குரல். மாஸ்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேடையில அந்தக் குழறு குழறுறாரு. வண்டிக்குள்ள மட்டும் 'வழி' எப்படிக்கா வழுக்கிட்டு வருது?" என்றான் நெட்டையன்.

"காசிருந்தா நாக்கைக்கூட சர்வீஸ் விடலாம்டா."

அதற்குள் போன் மறுபடி நீண்டது. 'இதுவரை எத்தனை வண்டியில் எடுத்திருக்கிறீர்கள்?'

மேனேஜர் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், சார்! இங்க அந்த மாதிரி வேலையெல்லாம் நடக்கிறதே இல்ல சார்!"

"நீங்க சும்மா இருங்க சார். உங்க வீட்டம்மா வண்டியிலதான் நான் முதல்ல எடுத்தேன்."

மேனேஜர் அங்கிருந்த டயர்களை எண்ண ஆரம்பித்தார்.

ஷாக்கு இறங்கி மாஸ்க்காரருக்கு நேரே வந்து நின்றாள். "நல்லா எழுதிக்கோங்க. எத்தனைன்னு கேட்டா எனக்கே தெரியாது, அவ்வளவு எடுத்திருக்கேன். இது தங்கமான வண்டி. அவரு வாயால அது ஷெட்டுல கிடந்து துருப்பிடிக்கணுமா? ஓடணும்னுதான் எடுக்கிறேன். வேலையை விட்டுத் தூக்கறீங்களா, தூக்குங்க. தெருவுல உக்காந்து எடுப்பேன். பெட்டியை மட்டும் கட்டமாட்டேன்!"

சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே லேப்டாப்பில் பட்டனைத் தட்டினாள். 'டிங்' என்றது வண்டி. வண்டியையும் அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்க்காரர் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த முதலாளி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மஃப்ளரை அவிழ்த்தார், மாஸ்க்கைக் கழற்றினார். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. யாருக்கும் தெரியாத முகம்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

எல்லாத் தலையும் சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பியது. நெட்டையனின் கை அவனை அறியாமலே சீட் பெல்ட்டைத் தேடியது. ஆனால் வண்டி அணைந்துதான் கிடந்தது.

"அவருக்கு நாக்கு புரளலைன்னு கூலிக்குப் பேசிக் கொடுத்தவன்மா நான். இப்ப கடையில தக்காளி கேட்டாலே அடிக்க வர்றாங்க. ஒரு வண்டியையும் விடாத!"