கடலை ஆயப் போனவர்கள்

“ஒரு பொம்பள மிச்சமில்லாம ஏத்தி விட்டாச்சா?” போனில் கேட்டான் ரெங்கராஜ்.

“ரெண்டு வேனும் கீரமங்கலம் போய்ச் சேந்துருச்சுங்க. எல்லாரும் கடலைக் கொல்லையில எறங்கியாச்சு. அழகம்மா மட்டும் வரலை” என்றான் டிரைவர்.

“அவ ஒருத்தி கத்தி என்ன ஆகப்போகுது? விடு.”

ஊராட்சித் தலைவி ரெங்கராஜின் மனைவி ராஜலட்சுமி. ஆனால், ஊரே ‘தலைவரே’ என்று கூப்பிடுவது அவனைத்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவள் வேலை சரி.

இன்று சுதந்திர தின கிராம சபை. ஊரணிக்கரையில் கிராவல் அள்ள காண்ட்ராக்டர் எழிலரசனுக்கு அனுமதி கொடுத்துத் தீர்மானம் போட்டாக வேண்டும். அள்ளினால் ஊரின் ஒரே குடிதண்ணீர் பாழாகும். கூலி வேலைக்குப் போகும் பெண்களெல்லாம் கொதித்துப் போயிருந்தார்கள். ‘எதிர்த்துக் கை தூக்குறவளுக்கு நூறு நாள் வேலை கிடையாது’ என்று மிரட்டி வைத்தும் அவர்கள் அடங்குவதாகத் தெரியவில்லை.

போன வாரம் ராஜலட்சுமிதான் காபியை நீட்டியபடி சொன்னாள்: “எதுக்குங்க வம்பு? அன்னிக்கு அவங்களைக் கடலை ஆய அனுப்பிவிட்ருங்களேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான்.

பதினொரு மணிக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கோபிநாத் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“நூறு பேராவது இருந்தாத்தான் கூட்டம் செல்லும். பாதிகூட தேறாது போலிருக்கே?”

ரெங்கராஜ் திரும்பினான். ஆண்கள் உட்காரும் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பின்னால், பெண்களுக்காக விரித்த ஜமுக்காளத்தில் அழகம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எந்தக் கூட்டத்தையும் நிறைப்பது அந்த ஜமுக்காளம்தான். அவன்தான் அந்தத் தலைகளை ஒருநாளும் எண்ணியதில்லை.

எழிலரசன் காதருகே வந்தான். “இன்னிக்குத் தீர்மானம் இல்லேன்னா நான் வேற ஊரு பாத்துக்குவேன், தலைவரே.”

ரெங்கராஜ் டிரைவருக்குப் போன் போட்டான். “உடனே எல்லாரையும் கூட்டிட்டு வாடா!”

“ரெண்டு வேனும் கல்யாண சவாரிக்கு வந்துருச்சுங்க. சாயந்தரம்தானே வரச் சொன்னீங்க?”

வேறு வழியில்லாமல் அழகம்மாளிடம் ஓடினான். “எல்லாரையும் போன்ல கூப்பிடு அழகம்மா. ஆட்டோ புடிச்சாவது வரட்டும்.”

“கடலை ஆயிறவங்க போனையா கையில வச்சிருப்பாங்க?” என்றாள் அவள், இடத்தை விட்டு அசையாமல். “நீங்க ஏத்திவிட்ட வேனு வந்தாத்தேன் வருவாங்க.”

கோபிநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? தலைவர் சொல்லட்டும்.”

ரெங்கராஜ் வாயைத் திறந்தான்.

“நீங்க இல்லை. தலைவர்.”

ராஜலட்சுமி எழுந்து மைக்கைப் பிடித்தாள். அவள் குரலை அந்த மைக் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“போதுமான ஆள் இல்லாததால கூட்டம் தள்ளி வைக்கப்படுது.”

எழிலரசன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டான். அதிகாரியின் ஜீப்பும் கிளம்பியது.

கூடம் காலியானதும் ரெங்கராஜ் மனைவி மீது பாய்ந்தான். “எல்லாம் ஒன்னாலதாண்டி! ஒன் யோசனையக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்!”

ராஜலட்சுமி ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அழகம்மாள் பிடித்திருந்தாள்.

“என் யோசனை இல்லீங்க” என்றாள், மடித்துக்கொண்டே. “அழகம்மாக்கா சொன்னதை ஒங்க காதுல போட்டது மட்டும்தான் நான்.”